படிவத்தின் பின்பக்கம்

போன வாரம் வீட்டில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் நின்றுபோயிற்று. சரிபார்க்க வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் எதையெதையோ கழற்றினார், கழுவினார், மாட்டினார். தண்ணீர் வந்துவிட்டது. காபி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி, "அம்மா, உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க. நாலு போட்டாக்கூட ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க" என்றார்.

"வேலை நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க. எதுக்குக் கவலைப்படறீங்க?"

"அது உங்களுக்குத் தெரியும்மா. அவங்களுக்கு ஸ்டார்தானே தெரியும்?"

ஐந்தையும் போட்டு அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், ஒரு காலத்தில் இந்த நட்சத்திரம் போடுகிற வேலையைத்தான் நான் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். அதை முதலில் எவ்வளவு தப்பாகச் செய்தேன் என்பதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளின் கடைசியில் முதியோர் கல்வி என்று ஒரு பெரிய திட்டம் நாடு முழுக்க வந்தது. முதியோர் என்றால் பல் போனவர்கள் என்று நினைக்காதீர்கள். பதினைந்து வயதைத் தாண்டிவிட்டால் அந்தத் திட்டத்தில் முதியோர்தான். அந்தக் கணக்கில், எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு உட்கார்ந்திருந்த நானும் முதியோர்தான். திருச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் முப்பது மையங்கள் நடத்தியது. மையத்துக்கு ஓர் ஆசிரியர், முப்பது பேர் படிக்க வேண்டும். அந்த முப்பது மையங்களையும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுத ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வயசானவாளுக்கு அ, ஆ சொல்லித் தரதுக்கு எம்.ஏ. படிக்கணுமாடி?" என்றாள்.

"நான் சொல்லித் தர மாட்டேம்மா. சொல்லித் தராளான்னு பாத்துண்டு வருவேன்."

"அது அதைவிட மோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், என் முதல் ஆறு மாத வேலையை அம்மா ஒரே வரியில் எடைபோட்டுவிட்டாள் என்று தோன்றுகிறது.

என் ஆயுதம் ஒரு படிவம். மங்கலான நீல மசியில் சைக்ளோஸ்டைல் நகல் எடுத்தது. விரலில் ஒட்டும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். பதிவானோர் எத்தனை பேர், வந்தோர் எத்தனை பேர், இடைநின்றோர் எத்தனை பேர், கரும்பலகை உண்டா, அரிக்கேன் விளக்கு உண்டா, வருகைப் பதிவேடு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறதா? கட்டம் கட்டமாகக் கேள்விகள். எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசியில் மதிப்பெண் போட வேண்டும். எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். முத்து முத்தாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் திட்ட அலுவலர் தாமோதரன் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "பலே" என்பார். அந்த ஒரு "பலே"க்காக நான் இன்னும் நாலு படிவம் நிரப்பத் தயாராக இருந்தேன்.

என் படிவத்தில் எப்போதும் முதலிடம் பொன்மலைப் பக்கத்து மையத்துக்கு. சேகர் என்று ஒரு பட்டதாரி நடத்தினார். என் வயதுதான், வேலைக்காகக் காத்திருந்தவர். ஒரு தையல்கடை மாடியில் சாயங்காலம் மையம். நான் போகும்போதெல்லாம் முப்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். விளக்குக் கண்ணாடி பளபளவென்று இருக்கும். பதிவேட்டில் ஓர் அடித்தல் இருக்காது. யாரையாவது படிக்கச் சொன்னால் எழுந்து நின்று, "வயலில் நெல் விளைந்தது. வள்ளி கதிர் அறுத்தாள்" என்று கணீரென்று படிப்பார்கள். எனக்குப் புல்லரிக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டேன். மீதி இரண்டைக் கூடப் போட்டிருப்பேன், கண் பட்டுவிடும் என்று விட்டேன்.

கடைசி இடம் பாலக்கரைக்கு.

அந்த மையத்தை நினைத்தாலே எனக்கு வெங்காய வாசனை வந்துவிடுகிறது. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முடிவில் பிலோமினா அக்காவின் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மையம். மற்ற மையங்கள் மாலையில் என்றால், இது மத்தியானம் இரண்டரை மணிக்கு. படிக்க வருகிறவர்கள் காந்தி மார்க்கெட் மண்டியில் வெங்காயம் ஆய்கிற பெண்கள். விடியற்காலையில் போய்த் தாள் கிள்ளி, சருகு தட்டி, மூட்டை கட்டிவிட்டு அப்படியே வருவார்கள். சின்ன வெங்காயம். தகரத்தின் கீழ் வெயில் சேர்ந்துகொண்டால் அந்த நெடி கண்ணைக் கரிக்கும். அறிக்கை எழுதும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து ஒருத்தி, "பாவம், நம்மளைப் பாத்து அழுவுறாங்க" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

சமைத்ததைப் பெருமாளுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிற எங்கள் வீட்டில் வெங்காயம் வாசல்படி ஏறியதே கிடையாது. பாலக்கரைக்குப் போய்விட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பி வந்தால் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். "நில்லுடி அங்கேயே. கொல்லைப் பக்கமா வா. ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வந்தா போறும். பெருமாள் தளிகைக்கு நாழியாச்சு" என்பாள். புடவை தனியாக ஊறும். நானும் குளிர்ந்த நீரில் நடுங்கிக்கொண்டு, பாலக்கரை மையத்துக்கு மனசுக்குள் இன்னும் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். நேர்மையான மேற்பார்வையாளர்!

குறைக்க வேறு காரணமும் இருந்தது. முப்பது பேர் பதிவு. இருப்பது ஒன்பது பேர், சில நாள் ஐந்து பேர். பாடப் புத்தகம் மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். பிலோமினா அக்காவின் கணவர் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அங்கே கழித்துப் போடுகிற தாள்களைத்தான் அக்கா பாடமாக வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சினிமா நோட்டீஸ். பாதி எழுத்து தலைகீழாக இருக்கும். "இது தப்பா அச்சாயிருக்கு, எங்க தப்புன்னு சொல்லுங்க" என்று அக்கா கேட்க, பெண்கள் குனிந்து தேடுவார்கள். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பதிவேட்டிலோ ஒரே அடித்தல்.

அரையாண்டு முடிவில், கடைசி இடத்தில் இருக்கும் மையத்தைப் பற்றித் தனி அறிக்கை எழுதச் சொன்னார்கள். அழகான கையெழுத்தில் எழுதினேன். "பாலக்கரை மையத்தில் கற்போரின் ஆர்வமின்மை காரணமாக இடைநின்றோர் எண்ணிக்கை மிகுந்துள்ளது. எனவே இம்மையத்தை மூடலாம் எனப் பரிந்துரைக்கிறேன்." 'ஆர்வமின்மை' என்ற சொல் வந்து விழுந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தாமோதரன் சார் "பலே" என்றார்.

அடுத்த வாரம் பொன்மலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். சேகர் மையத்தில் முதல் வரிசையில் உட்காருகிற சரோஜா. எழுந்து நின்று வள்ளி கதிர் அறுத்த கதையைக் கணீரென்று படித்தவள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் ஒரு பஸ் வந்தது. சரோஜா அவசரமாக என் தோளைத் தொட்டு, "இது எங்கங்க போவுது?" என்றாள்.

நான் போர்டைக் காட்டினேன். பெரிய எழுத்து, வெள்ளை வெளேரென்று எழுதியிருந்தது. அவள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் போய்விட்டது. இருவரும் ஏறவில்லை.

"அந்தப் புஸ்தகத்துல இருக்கறது மட்டுந்தாங்க வரும்" என்றாள் மெதுவாக. "அதுவும் படம் பாத்தாத்தான் எந்தப் பாட்டுன்னு தெரியும்."

பாட்டு என்றுதான் சொன்னாள். அவர்களுக்கு அது மனப்பாடம் செய்த பாட்டு.

நான் நேரே தையல்கடை மாடிக்குப் போனேன். சேகர் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. முப்பது பேரில் பத்துப் பேர் ஏற்கெனவே படித்தவர்கள், அத்தை பெண், சித்தப்பா பெண் என்று கூட்டி வந்தவர்கள். மற்றவர்களுக்கு நாலு பாடம் மனப்பாடம். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

அவர் கண்ணாடியை விளக்கில் மாட்டிவிட்டுச் சொன்னார். "நீங்க வந்து எண்ணினது தலையைத்தானேங்க. அதான் தலையைக் காட்டினேன். ஒரு நாளாவது, ஒருத்தருக்காவது, புஸ்தகத்துல இல்லாத ஒரு வார்த்தையைக் காட்டிப் படிக்கச் சொன்னீங்களா?"

படியிறங்கி வந்துவிட்டேன். தண்ணீர் இயந்திரம் பார்க்க வந்தவர் ஸ்டாரைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சேகர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மத்தியானம் பாலக்கரைக்குப் போனேன். முதல் தடவையாகப் படிவத்தை வெளியே எடுக்காமல், பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்த பிறகு, "பிலோமினாக்கா, முப்பது பேர்ல மீதிப் பேர் எங்க போனாங்க?" என்று கேட்டேன். இதை ஆறு மாதம் முன்பே கேட்டிருக்கலாம். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

"எங்க போவாங்க மேடம்? வந்த வேலை முடிஞ்சுது, போயிட்டாங்க" என்றார் அக்கா. "மொத நாளே எல்லார்கிட்டயும் எதுக்கு வந்தீங்கன்னு கேட்டுடுவேன். மாரியாயி, மவ கடுதாசியைத் தானே படிக்கணும்னு வந்துச்சு. பொண்ணை வையம்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு. மாமியார் கொடுமை. அவ எழுதறதை அடுத்த வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னா, தெருவுக்கே தெரிஞ்சிடுதாம். நாலு மாசத்துல படிக்க வந்துடுச்சு. நின்னுடுச்சு. இன்னொரு பொண்ணு பெரியாஸ்பத்திரியில எந்த வரிசைன்னு தெரியாம ஒரு நாள் முழுக்கத் தப்பான எடத்துல நின்னுச்சாம். அதுக்கு போர்டு படிக்கணும். படிச்சிடுச்சு." சிதறிக் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க குணமாகி வீட்டுக்குப் போனா, அவங்களுக்கும் இடைநின்றோர்னுதான் எழுதுவீங்களா?" என்றார்.

அவருக்கு என் அறிக்கை பற்றி எதுவும் தெரியாது. எனக்கு வெங்காயம் இல்லாமலே கண் கரித்தது.

தாமோதரன் சாரிடம் போய் நின்றேன். பொன்மலை, பஸ், கடிதம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கொட்டினேன். என் அறிக்கை தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மேஜைமேல் பாலக்கரை மையத்தை மூடும் உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"போன வாரம் ஆர்வம் இல்லைன்னு எழுதினது உங்க கைதானேம்மா? இந்த வாரம் இருக்குன்னு சொல்றதும் நீங்கதான். நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க சார். நீங்களே வந்து பாருங்க."

அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கோப்போடு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து, பெரம்பலூர்ப் பக்கமிருந்து நாலைந்து லாரி வெங்காயம் வந்து இறங்கியிருந்தது. கொட்டகையில் நாலே பேர். பிலோமினா அக்கா பதறவில்லை. "லோடு வந்திருக்கு சார். மத்தவங்க மண்டியில இருப்பாங்க" என்றார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முடிவு தெரிந்துவிட்டது.

"மண்டிக்குப் போலாமா சார்? நடக்கற தூரந்தான்" என்றேன்.

நல்ல வெயில். அவர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். மண்டிக்குள் நுழைந்தால், கண்ணுக்கெட்டியவரை வெங்காயக் குவியல். நடுவில் வட்டம் வட்டமாகப் பெண்கள். கை தன்பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. காற்றில் இளஞ்சிவப்புச் சருகு பறந்தது. ஒரு சருகு சாரின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

அக்கா மாரியாயியைக் காட்டினார். நாற்பது வயதுப் பெண். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உங்களுக்குப் படிக்க வருமாம்மா?" என்றார் சார்.

"வருங்க. மெதுவா வரும்."

படிக்கக் கொடுக்க எதுவும் இல்லை. சார் கோப்பைத் திறந்து மேலே இருந்த தாளை நீட்டினார். தட்டச்சுத் தாள். மாரியாயி வாங்கிப் பார்த்துவிட்டு, "கையால எழுதினது இருந்தாக் குடுங்க சார். எம் மவ எழுத்துலயே பழகிடுச்சு, அதுதான் சீக்கிரமா வரும்" என்றாள். அவர் அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தார். அது என்ன தாள் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அவள் தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "பா... லக்... கரை. பாலக்கரை" என்று ஆரம்பித்தாள். சுற்றி இருந்த பெண்களின் கை நின்றது. "மை... யத்தில்... கற்... போரின்..."

அது என் அறிக்கை. என் எழுத்து.

"ஆர்... வ... மின்... மை. ஆர்வமின்மை." நிமிர்ந்தாள். "அப்படின்னா என்ன சார்?"

சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.

"ஆசை இல்லைன்னு அர்த்தம்மா."

"யாருக்கு?"

"உங்களுக்கெல்லாம்."

அவள் மறுபடி தாளில் விரலை வைத்தாள். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. இடைநின்றோர், எண்ணிக்கை, மிகுந்துள்ளது, பரிந்துரைக்கிறேன் என்று இடறி, திரும்பிப் போய், மறுபடி ஏறி, முடிவு வரை வந்துவிட்டாள். "மையத்தை மூடலாம்" என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் கீழே இருந்த கையெழுத்து. என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மண்டியில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் என் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது.

"இது நீங்களாம்மா?"

"நான்தான்."

தாளில் ஒட்டியிருந்த சருகை ஊதிவிட்டு, என் கையிலேயே கொடுத்தாள். "கையெழுத்து அழகா இருக்கும்மா. எழுதினதுதான் பொய்யா இருக்கு."

பரிசு வாங்கிய என் கையெழுத்துக்கு அதுதான் கடைசிப் பாராட்டு. அவமானம் ஒரு பக்கம் தின்றது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த வெயிலில், அந்த நெடியில், எனக்கு மார்பு விம்மியது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக, ஒருத்தி உண்மையிலேயே படிப்பதை நான் பார்த்திருந்தேன். அதுவும் எனக்கு எதிராக.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். தாமோதரன் சார் உத்தரவுத் தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அப்புறம் வெளியே வரவேயில்லை.

"தலைமையாசிரியரா இருந்தப்ப இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு நானும் நல்லாப் படிக்கிற பிள்ளைங்களைத்தான் முன்னால உக்கார வைப்பேன்" என்றார் திடீரென்று. பிறகு என் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கத்தை நம்மளால மாத்த முடியாதும்மா. மேலேருந்து வந்தது. கேட்ட கட்டத்தை நிரப்பித்தான் ஆகணும்." தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இது யாருதும் இல்லை. இது நம்மளோடது."

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு படிவத்தின் பின்பக்கத்திலும், படிக்க வந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, யாரும் சொல்லித் தராத எதை அவர் இந்த மாதம் தானாகப் படித்தார் என்று எழுதினேன். ஆசிரியர் சொல்வதை அல்ல, படித்தவரிடமே கேட்டு எழுதினேன். சில இன்னும் நினைவில் இருக்கின்றன. ரெஜினா, மருந்துப் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று படித்து, குழந்தைக்குப் புகட்ட இருந்ததை நிறுத்தினார். மரியபுஷ்பம், போஸ்டரைப் படித்து, கணவர் பார்த்ததாகச் சொன்ன படம் இன்னும் வெளியாகவே இல்லை என்று கண்டுபிடித்தார். (அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நான் எழுதவில்லை.) சில பெயர்களுக்கு எதிரே 'இன்னும் ஒன்றுமில்லை' என்று எழுதினேன். இப்படி எழுதினால் யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று சார் உறுதி சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். அதன் பிறகு ஆசிரியர்கள் என்னிடம் பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. 'ஒன்றுமில்லை' வந்த இடத்தில் உட்கார்ந்து, ஏன் இல்லை என்று சேர்ந்து யோசித்தோம். ஒருத்திக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஒருத்திக்குக் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான் அதுவரை மக்கு என்று நினைத்திருந்தவர்கள்.

சேகரை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். நான்தான் தடுத்தேன். அவரைக் கெடுத்தது என் எண்ணிக்கை. அவரைப் பாலக்கரைக்கு ஒரு மாதம் அனுப்பி வகுப்பைப் பார்க்கச் செய்தோம். முதல் நாள் பிலோமினா அக்கா அவரைப் பாயில் பெண்களோடு உட்கார வைத்து, "தம்பி, நீங்க எதுக்கு வந்தீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாராம். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சேகர் தன் மாடிக்குத் திரும்பினார். அத்தை பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். மையத்தின் வருகை முப்பதிலிருந்து பதினேழாக இறங்கியது. ஓர் எண் இறங்கியதற்காக நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போனது அந்த ஒரு தடவைதான். பின்பக்கத்தில் முதல் வரி சரோஜாவுடையது. பொன்மலையில் நின்றுகொண்டு ஒரே சாயங்காலத்தில் ஏழு பஸ் போர்டு படித்தாளாம், ஒன்றிலும் ஏறாமல்.

அம்மாவும் மாறினாள் என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். குளியல் விதி கடைசிவரை தளரவில்லை. ஆனால் ஒரு நாள் நான் கொல்லையில் குளித்துவிட்டு வரும்போது, ஊஞ்சலில் உட்கார்ந்து, படிவத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "இந்த வெளிப்பூச்சுக்காரி கொழந்தை இப்ப எப்படிடி இருக்கு?" என்றாள். அதற்குப் பிறகு மாதக் கடைசியில், "ஃபாரம் வந்துடுத்தா?" என்று அவளே கேட்பாள்.

சென்னையிலிருந்து மதிப்பிட வந்த ஒருவர் அந்தப் பின்பக்கங்களை ஒரு மத்தியானம் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது யார் யோசனை என்று கேட்டார். தாமோதரன் சார் என்னைக் கைகாட்டினார். நான் பிலோமினா அக்காவைக் கைகாட்டினேன். அக்கா, "மண்டிக்குப் போனா ஒருத்தி இருப்பா, அவளைக் கேளுங்க" என்றார். வந்தவர் நாங்கள் கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். பிறகு வேறு மாவட்டங்களிலும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி கேட்ட அன்று காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எண்பதுகளின் பின்பாதியில் திட்டத்தின் பெயர் மாறியது, முறை மாறியது, எங்கள் மையங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. சேகருக்கு நல்ல வேலை கிடைத்து வடக்கே போனார். தாமோதரன் சார் இல்லை. பிலோமினா அக்காவும் போய்விட்டார். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வெங்காய மண்டியும் பழைய இடத்தில் இல்லை. படிவங்கள் எந்த அலுவலக மூலையில் மக்கினவோ தெரியாது. அம்மாவும் இல்லை. வெங்காயம் இப்போது என் சமையலறையில் கூடையில் கிடக்கிறது. கேட்க ஆளில்லை.

இன்னொன்றும் போயிருக்கிறது. அது போனது எனக்கே வெகுநாள் உறைக்கவில்லை. அந்த நாட்களில் ஸ்ரீரங்கம் தபால் ஆபீஸுக்குப் போனால், ஸ்டாம்பு வாங்கித் திரும்புவதற்குள் ஒரு கை நீளும். "பாப்பா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்." இன்லண்டு லெட்டர், போஸ்ட் கார்டு, சில சமயம் தந்தி. முன்பின் தெரியாதவர்களுக்குப் பேரன் பிறந்ததையும் தம்பி இறந்ததையும் என் வாயால் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகும்போது எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். அப்படி யாரும் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஊர் படித்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், பள்ளிக்கூடங்கள் முதல் காரணம். ஆனாலும் ஓர் ஓரத்தில், வெங்காயச் சருகு அளவாவது, எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக என்னிடம் கடிதத்தை நீட்டியவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆணா பெண்ணா என்பதுகூட நினைவில் இல்லை. அதுதான் கடைசி என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?